கடல் பக்கத்துச் சுவரைக் கட்டியவர்

கோட்டையைச் சுற்றிப் பார்க்க வருகிற கூட்டத்தை அழைத்துக்கொண்டு வழிகாட்டி கடல் பக்கம் திரும்பினாலே போதும், கொத்தனாருக்கு வயிறு எரியத் தொடங்கிவிடும். அந்த வழிகாட்டிக்கு வேலையாட்கள் வைத்த பேர் பீரங்கி. அலை இரைச்சலையும் மீறிக் கேட்கிற தொண்டை அவனுக்கு. கோட்டை மேல் வரிசையாகக் கிடந்த நிஜப் பீரங்கிகள் எல்லாம் துருப்பிடித்து வாயடைத்துப் போனபிறகு அவன் ஒருவன்தான் அங்கே முழங்கிக்கொண்டிருந்தான்.

"பாருங்க, நல்லாப் பாருங்க! எத்தன புயலு, எத்தன கப்பல் சண்ட! ராஜா கட்டினாரு. கப்பல்ல வந்தவங்க புடுங்கினாங்க. அப்புறம் ஜெயிலாக்கினாங்க, அப்புறம் சரக்குக் கிடங்காக்கினாங்க. யாரு வந்தா என்ன, போனா என்ன? இந்தச் சுவரு அசைஞ்சுதா? ரெண்டு கல்லுக்கு நடுவுல நகத்த விட்டுப் பாருங்க. நுழையாது! அதுதாங்க அந்தக் காலத்து வேலை!"

கூட்டத்தில் நாலு பேர் நகத்தை விட்டுப் பார்ப்பார்கள். நுழையாது. ஆச்சரியப்படுவார்கள். பெரிய தொந்தி வைத்த ஒருவர் அன்றைக்குச் சுவரைத் தட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நம்ம வீடு கட்டி முடிச்சுப் பால் காய்ச்சறதுக்குள்ள விரிசல் விட்டுடுச்சு. இப்ப இருக்குற கொத்தனாருங்களுக்குக் கூலி வாங்கத்தான் தெரியும். இத மாதிரி ஒரு கல்லு வைக்கச் சொல்லுங்க பாப்போம்!"

இப்போது இருக்கிற கொத்தனார் ஒருவர் அவருக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில், சாரக் கட்டைகளை அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். தொந்திக்காரர் தட்டிக் கொடுத்த அந்தக் கல்லை வைத்ததே அவர்தான். வைத்துச் சாந்து இன்னும் முழுசாக இறுகக்கூட இல்லை.

கூட்டம் நகர்ந்ததும் கொத்தனார் பீரங்கியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, அலை வந்து இந்தச் சுவரு வாயப் பொளந்துகிட்டுக் கெடந்தத நீ பாத்தியா இல்லையா?"

"பாத்தேண்ணே."

"நான் கட்டுனதப் பாத்தியா இல்லையா?"

"தெனமும் பாத்தேண்ணே. டீ கூட வாங்கிக் குடுத்தேனே."

"அப்புறம் எதுக்குய்யா என் வேலைய ராஜா தலையில கட்டுற?"

பீரங்கி முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினான். "கோவிச்சுக்காதீங்கண்ணே. நீங்க எங்க ஆரம்பிச்சீங்க, எங்க முடிச்சீங்கன்னு எனக்கே இப்பத் தெரியல. குத்துமதிப்பா கையக் காட்டி, நடுவுல எவனாவது கேள்வி கேட்டான்னா என் பொழப்பு நாறிடும். ராஜான்னு சொன்னா ஒருத்தனும் எதிர்த்துக் கேக்க மாட்டான்."

கொத்தனார் கயிற்றைச் சுருட்டப் போய்விட்டார்.

அவரோடு வேலை செய்கிறவர்கள் அவரைத் தூக்குக்குண்டு என்று கூப்பிடுவார்கள். நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற அந்த இரும்புக் குண்டை அவர் சட்டைப்பையிலிருந்து பிரிந்து யாரும் பார்த்ததில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றால்கூடக் கம்பம் நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். முதல் கல் வைக்குமுன் கண்ணை மூடிக்கொண்டு, "கடவுளே, கோணாம நிக்கணும்" என்று ஒரு வார்த்தை சொல்வார். அதற்குமேல் அவர் கடவுளிடம் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை.

சின்ன வயதிலிருந்து அவர் கட்டிய சுவர்கள் ஏராளம். மதில் சுவர், கக்கூஸ் சுவர், கடைச் சுவர், ஆஸ்பத்திரிச் சுவர். எதுவும் கண்ணில் நின்றதில்லை. அவர் கல்லும் செங்கல்லும் வைத்துவிட்டு இறங்கினால் பின்னாலேயே பூச்சுக்காரன் வருவான், அவனுக்குப் பின்னால் பெயிண்டுக்காரன். கடைசியில் வாசலில் வீட்டுக்காரர் பேரைப் பொறித்துவிடுவார்கள். பாதி வீடுகள் ரோடு அகலப்படுத்துகிறோம் என்று இடிபட்டும் போயின. பூச்சில்லாமல், வெறும் உடம்போடு, நான்கு பேர் பார்க்கும்படி ஒரே ஒரு சுவர் நிற்க வேண்டும் என்று அவர் மனசில் ஓர் ஆசை கிடந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை.

அதனால்தான் கோட்டை வேலை என்று மேஸ்திரி வந்து கூப்பிட்டதும் கூலி என்ன என்றுகூடக் கேட்காமல் கிளம்பிவிட்டார். சித்தாள் வேலைக்கு மனைவியும் கூடப் போனார். மற்ற இடங்களிலும் அவர்கள் ஜோடியாகத்தான் போவார்கள். அவர் வைப்பார், அவர் மனைவி சுமந்து கொடுப்பார். சண்டையும் ஜோடியாகத்தான்.

அலை அடித்துத் தள்ளிய கல்லையெல்லாம் பாறை இடுக்குகளிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். எந்த முகம் முன்பு வெயில் பார்த்துக் கிடந்ததோ அதே முகத்தை வெளியே வைத்தார் கொத்தனார். சுண்ணாம்புச் சாந்து பழைய சாந்தோடு சேரவில்லை, வெளுப்பாக இருந்தது. செங்கல் பொடி சேர்த்துப் பார்த்தார், சிவப்பு கூடிவிட்டது. அடுப்புச் சாம்பல் சேர்த்தார். மனைவி சலித்துச் சலித்துக் கை ஓய்ந்து போனார்.

"எம்மூஞ்சிக்கு ஒரு நாள் பவுடர் வாங்கிக் குடுத்திருப்பீங்களா? சுவத்துக்கு மேக்கப்பு போடறீங்க."

"நீ அலை அடிச்சா நிப்பியா? அது நிக்கணும்."

"இத்தன வருஷமா உங்ககிட்ட நிக்கலையா? அலை எம்மாத்திரம்!"

இதற்கு நடுவில் ஒரு தப்பு நடந்தது. தப்பு என்று அன்றைக்குத் தெரியவில்லை. வேலை ஆரம்பித்த அன்று மேஸ்திரி, "புதுசா வைக்கிற கல்ல ஒரு விரல் உள்ள தள்ளியே வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, அவருக்கும் தெரியாது. கொத்தனார் காதில் அது சோம்பேறிப் பேச்சாக விழுந்தது. ஒரு விரல் தள்ளினால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்கிற மேஸ்திரிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். ஒரு விரல் தள்ளிச் சுவர் கட்டுகிறவனும் ஒரு கொத்தனாரா? மேஸ்திரியின் குறையைத் தான் திருத்திவிடுவதாக நினைத்து, நூல் பிடித்து, பழைய சுவரோடு மயிரிழை பிசகாமல் சேர்த்து வைத்தார்.

சாரம் பிரித்த வாரம் மனைவியின் தம்பி குடும்பத்தோடு கோட்டை பார்க்க வந்தான். கொத்தனார்தான் வற்புறுத்தி வரச் சொன்னார். மைத்துனன் நல்லவன்தான், ஆனால் நாக்கு நீளம். "மாமா கட்டுற சுவரு நாயி காலத் தூக்குறதுக்குத்தான் லாயக்கு" என்று கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தவன்.

"எங்க மாமா, எங்க உங்க சுவரு?"

"அதோ."

"எதோ?"

"கண்ணுக்கு முன்னாடி நிக்குதே, அதான்டா மாப்ளே."

மைத்துனன் சுவரைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். பிறகு மதில் மேல் கிடந்த நிஜப் பீரங்கியைக் காட்டினான். "சரி மாமா. இத நீங்க கட்டுனீங்கன்னா அத நான்தான் காய்ச்சி ஊத்துனேன்."

"டேய், நெசமாத்தான்டா. நான்தானே சாந்து கொழைச்சேன்" என்றார் அக்கா.

"விடுக்கா. மாமாவுக்கு வயசாகுது. ஆசையா எதையாவது சொல்லட்டும்."

பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். கொத்தனார் சட்டைப்பைக்குள் கையை விட்டுக் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எறிந்துவிடாமல் இருக்கத்தான்.

அடுத்த சில நாட்களில் கோட்டையைப் பராமரிக்கிற துறையின் தலைமை அலுவலகத்திலிருந்து மேடம் வந்தார். பழைய கட்டடங்களைப் பார்த்துக்கொள்வதற்கென்று படித்த இளம்பெண். தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு சுவர் ஓரமாக மெல்ல நடந்தார்.

"புதுசு எங்கண்ணா ஆரம்பிக்குது?"

கொத்தனாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கேட்கத் தெரிந்த ஆள் வந்துவிட்டது! "நீங்களே கண்டுபிடிங்க மேடம், பாப்போம்."

மேடம் குனிந்து பார்த்தார், எட்ட நின்று பார்த்தார், கையில் இருந்த பழைய படத்தோடு ஒப்பிட்டார். அந்தப் படம் அலை உடைத்த அன்று எடுத்தது. ஆட்டம் கண்ட கல்லையெல்லாம் பிறகு கழற்றியதில் ஓட்டை இன்னும் பெரிதாகியிருந்தது, அதனால் படமும் உதவவில்லை. கடைசியில் ஓர் இடத்தில் விரலை வைத்தார். அது பழைய சுவர். கொத்தனார் வாய்விட்டுச் சிரித்தார்.

மேடம் சிரிக்கவில்லை. "ரொம்ப அழகா பண்ணியிருக்கீங்கண்ணா. மனசாரச் சொல்றேன். ஆனா இத இப்படியே விட முடியாது. வெளியே தெரியுற முகக்கல்லு எல்லாத்தையும் எடுத்து ஒரு விரல் உள்ள தள்ளி வைக்கணும்."

கொத்தனாருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சூடாகியது.

"கோணலா கட்டுனா இடிக்கச் சொல்வாங்க மேடம். நேரா கட்டுனதுக்கு இடிக்கச் சொல்ற ஊர நான் இப்பத்தான் பாக்கறேன்."

"புதுசு எது பழசு எதுன்னு பாக்குறவங்களுக்குத் தெரியணும்ணா. அதான் விதி. மேஸ்திரி சொல்லலையா?"

மேஸ்திரி தூரத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? எவனோ கத்துக்குட்டி வச்ச மாதிரி இருக்கும். அத வேற ஆயிரம் பேர் பாக்கணுமா?"

மேடம் அவரைச் சுவரின் வடக்கு மூலைக்கு அழைத்துப் போனார். அங்கே அடியில் ஒரு கல் பெயர்ந்து உள்சாந்து தெரிந்தது. "இதுல என்ன கலந்திருக்கு பாருங்க."

கொத்தனார் சுரண்டிப் பார்த்தார். "ஓட்டுத் துண்டு. ஓட்ட ஒடச்சுப் போட்டிருக்கான்."

"ராஜா காலத்துல இங்க ஓடே கிடையாதுண்ணா. ஜெயிலாக்குனப்பத்தான் கூரைக்கு ஓடு வந்துச்சு. அப்போ இந்த மூலைய அலை இடிச்சிருக்கு, கைதிங்கள வச்சுக் கட்டியிருக்காங்க. கால்ல சங்கிலியோட கல்லு சுமந்திருப்பாங்க. உங்கள மாதிரியே ஒருத்தர் அவங்கள்ல இருந்திருக்கணும், அவ்ளோ சுத்தமா சேத்துட்டாரு. அதனால இத்தன காலமா ராஜா கட்டுனதுன்னே எழுதிட்டாங்க. அந்த மனுஷங்க இங்க இருந்ததுக்கு அடையாளமே இல்லாமப் போச்சு."

கொத்தனார் நகத்தில் ஒட்டிய சாந்தைத் தட்டிவிட்டார். பாவம்தான். ஆனால் செத்துப்போன கைதிக்காகத் தன் சுவரை ஏன் இடிக்க வேண்டும்?

"நான் அதுல கை வைக்க மாட்டேன் மேடம். வேற ஆள வச்சு இடிச்சுக்குங்க."

"வேற ஆளுக்கு எது உங்களுதுன்னு எப்படித் தெரியும்? எனக்கே தெரியலையே. நீங்கதான் கோடு போட்டுக் காட்டணும்." மேடம் குரலில் கெஞ்சல் இருந்தது. "நல்ல சுவர எடுக்கச் சொல்றது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குண்ணா. கடல் பொங்குற மாசம் வர்றதுக்குள்ள முடிக்கணும். நாளைக்குச் சொல்லுங்க."

அதாவது, கொத்தனார் வாயை மூடிக்கொண்டால் சுவர் பிழைத்தது.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஞாபகம் இல்லன்னு சொல்லிட்டா என்னங்க பண்ணுவாங்க?"

"ஒண்ணும் பண்ண முடியாது."

"அப்ப சொல்லிடுங்க. யாரு குடி முழுகப்போவுது?"

"சொல்லிடலாம்." தண்ணீரைக் குடித்தார். "சொல்லிட்டா, அந்தப் பீரங்கிப் பய சாகுற வரைக்கும் ராஜா ராஜான்னு கத்துவான். நான் கேட்டுக்கிட்டே சாகணும்."

"சரி, அப்ப கோடு போட்டுக் காட்டுங்க."

"காட்டுனா என் கையாலயே பிரிக்கணும். பிரிச்சு, உள்ள தள்ளி, அசிங்கமா வைக்கணும்."

"இப்படியும் கூடாது, அப்படியும் கூடாதுன்னா நான் எந்தப் பக்கம்தாங்க தலையாட்டுறது?"

"யாரு உன்ன ஆட்டச் சொன்னா?"

"இனிமே ஆட்டல, போங்க" என்று மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

விளக்கு முன் நின்றபோது கொத்தனாருக்கு வழக்கமான வார்த்தைகூட வரவில்லை. கடவுளிடம் பொய் சொல்ல அவர் துணிந்ததில்லை. ஞாபகம் இல்லை என்று மேடத்திடம் சொல்லிவிட்டு நாளை இங்கே வந்து எந்த முகத்தோடு நிற்பது? அந்தக் கைதி வேறு வந்து நின்றான் மனசில். காலில் சங்கிலியோடு, நூல் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு. போய்த் தொலையேன் என்றார் அவனிடம். போகவில்லை.

காலையில் கடைக்குப் போய்ச் சுண்ணக்கட்டி வாங்கினார்.

மேடமும் மேஸ்திரியும் பார்த்துக்கொண்டிருக்க, கீழ் வரியிலிருந்து கோடு இழுக்கத் தொடங்கினார். முதல் வரி, இரண்டாம் வரி, கை தயங்கவே இல்லை. இது என் கல், இது பழசு, இது என் கல். இடுப்புயரம் வந்ததும் ஒரு நீளக் கல்லைத் தன் பக்கம் சேர்த்து வளைத்துக் கோடு இழுத்தார்.

"ஏங்க, அது நம்ம கல்லு இல்ல" என்றார் மனைவி.

"நம்மளுதுதான்."

"இல்லங்கறேன். அத நான் தூக்கிக் குடுக்கவே இல்ல."

"தூக்கிக் குடுத்த கல்லெல்லாம் உனக்கு ஞாபகம் இருக்காக்கும்?"

"எனக்கு இல்ல. என் இடுப்புக்கு இருக்கு. இவ்ளோ நீளத்துக் கல்லத் தூக்கியிருந்தா மூணு நாளு படுத்திருப்பேன். படுக்கலையே!"

மேஸ்திரி சிரித்துவிட்டார். கொத்தனார் முறைத்தார். சுத்தியலால் அந்தக் கல்லைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பக்கத்துக் கல்லையும் தட்டினார். ஒரே சத்தம். ஓரத்துச் சாந்தை நகத்தால் சுரண்டினார். அதே நிறம், அதே நறநறப்பு. சாம்பலும் செங்கல் பொடியுமாகச் சேர்த்துச் சேர்த்து அவர் கொண்டுவந்த நிறம் அல்லவா! தள்ளி நின்று பார்த்தார், கிட்டே வந்து பார்த்தார். இந்தக் கல்லை வைத்த நாளை நினைத்துப் பார்த்தார். ஒரு நேரம் வைத்தது மாதிரி இருந்தது, இன்னொரு நேரம் அது ஏற்கெனவே அங்கே இருந்து, அதற்குப் பொருத்தமாகப் பக்கத்துக் கல்லைச் செதுக்கியது மாதிரியும் இருந்தது.

சுண்ணக்கட்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கே தெரியல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. "நான் வச்சத எனக்கே தெரியல. எவனோ வச்சத என்னோடதுன்னு கோடு போடப் பாத்தேன்."

மனைவி சேலைத் தலைப்பால் அவர் தோளில் இருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

"தெரியாத கல்லத் தொட வேணாம்ணா. அது அப்படியே இருக்கட்டும்" என்றார் மேடம்.

பிரிக்கிற வேலை கட்டுகிற வேலையைவிடக் கொடுமையாக இருந்தது. நகம் நுழையாத இடுக்கில் உளி நுழையுமா? ஒவ்வொரு கல்லும் வர மாட்டேன் என்று அடம் பிடித்தது. "எந்த மடையன்டா இப்படி இறுக்கி வச்சான்!" என்று ஒருமுறை தன்னை மறந்து கத்திவிட்டார். கீழே நின்ற மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனார். எடுத்த கல்லின் முதுகைச் செதுக்கினால்தான் அது உள்ளே தள்ளி உட்காரும். முழுசாக இருந்த கல்லை இப்படிக் குறைக்க வேண்டியிருக்கிறதே என்று ஒவ்வொரு அடிக்கும் பல்லைக் கடித்தார். ஆனாலும் தூக்குக்குண்டைத் தொங்கவிடாமல் ஒரு கல்லையும் வைக்கவில்லை. உள்ளே தள்ளி வைத்தாலும் நேராகத்தானே வைக்க வேண்டும்.

கடல் பொங்குவதற்குள் முடிந்துவிட்டது. இப்போது யார் பார்த்தாலும் தெரிந்தது: பழைய சுவரின் நடுவே, ஒரு விரல் உள்வாங்கி, அவருடைய சுவர். அதன் விளிம்பில் அந்த நீளக் கல் மட்டும் பழைய மட்டத்திலேயே இருந்து, அவருடைய சுவருக்குள் நீண்டு துருத்திக்கொண்டு நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம் சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது அவருக்கு.

கடைசி நாள். சட்டி, கரணை, சல்லடை எல்லாவற்றையும் கழுவிக்கொண்டிருந்தபோது பீரங்கி கூட்டத்தோடு வந்தான்.

"இங்க பாருங்க, உள்ள போயிருக்கு பாருங்க, அது இப்ப அலை இடிச்சு, இப்ப கட்டுனது! அந்த மூலை கைதிங்க கட்டுனது! மிச்சம் ராஜா காலத்து வேலை!"

"ஆமா, பாத்தாலே தெரியுதே" என்றார் கூட்டத்தில் ஒருவர். "பழசு மாதிரி வருமா? இவனுங்களுக்கு ஒரு சுவர நேராச் சேக்கத் தெரியல பாருங்க."

கொத்தனார் கையில் இருந்த கரணை நின்றது. மனைவி அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். அவர் மூச்சை இழுத்து விட்டுவிட்டு மறுபடியும் கழுவத் தொடங்கினார்.

"அப்போ இந்தத் துருத்திக்கிட்டிருக்குற கல்லு யாரு வச்சது?" கூட்டத்திலிருந்து ஒரு பெண் கேட்டார்.

பீரங்கி வாயைத் திறந்தான், மூடினான். கொத்தனாரைத் திரும்பிப் பார்த்தான். கூட்டமும் திரும்பிப் பார்த்தது. அத்தனை பேர் ஒன்றாக அவரைப் பார்த்தது அந்தக் கோட்டையில் அதுதான் முதல் தடவை.

"தெரியாதும்மா" என்றார் கொத்தனார் எரிச்சலோடு. "தெரிஞ்சிருந்தா அத இப்படி நிக்க விட்டிருப்பேனா?"

சட்டியில் இருந்த அழுக்குத் தண்ணீரை வீசி ஊற்றிவிட்டு, சல்லடையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். மனைவி பின்னாலேயே போனார்.